பதினொன்று பத்தைவிடப் பெரியதா?

ரெட்மி நோட் 10 இந்தியாவில் அறிமுகமானது 2021 மார்ச்சில். தொடக்க விலை 11,999 ரூபாய். பதினோரு மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், நோட் 11 வந்தது, 13,499 ரூபாய். பெயரில் ஒன்று கூடிய கையோடு விலையில் ஆயிரத்து ஐந்நூறும் கூடியது. மற்றபடி இரண்டுக்கும் 6.43 அங்குல அமோலெட் திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி, 33 வாட் சார்ஜர், ஏறக்குறைய 179 கிராம் எடை. அடிப்படை மாடலில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. இரண்டிலும் ஏற்றப்பட்டு வந்தது ஆண்ட்ராய்டு 11 தான். உறையைப் போட்டு மேசையில் கவிழ்த்து வைத்தால் எது யாருடையது என்று வீட்டில் சண்டை வரும்.

உள்ளே போனால் கதை வேறு. புதிய போனின் பிராசஸரில் இருந்த கோர்கள், பழைய போனில் இருந்தவற்றைவிடப் பழைய வடிவமைப்பு. புதியதில் மெகாபிக்சல் கூடுதல்; வெளிச்சத்தை வாங்கும் பரப்போ குறைவு. பழையதில் 4கே வீடியோ எடுக்கலாம், புதியதில் முடியாது. அதே நேரம் திரை வழுக்கிக்கொண்டு ஓடுவதிலும், கையில் சூடு ஏறாமல் இருப்பதிலும் புதியதுதான் மேல்.

இந்த ஜோடியை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு சௌகரியமும் உண்டு. இரண்டும் கடையில் புதிதாக விற்கும் காலம் போய்விட்டது. இங்கே எதைப் புகழ்ந்தாலும் யாருக்கும் விளம்பரமாகாது. ஆனால் இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த கொடுக்கல் வாங்கல், பட்ஜெட் போன்களில் கிட்டத்தட்ட ஒவ்வொரு தலைமுறையிலும் நடக்கிறது. இந்த விலைப் பிரிவில் விலையை முதலில் எழுதிவிட்டுத்தான் பொருளைச் செய்யத் தொடங்குகிறார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் கை வைத்தாக வேண்டும். கூட்டியது எது என்பதை விளம்பரப் பலகை சொல்லிவிடும். குறைத்தது எது என்பதை வாங்குகிறவர்தான் தேட வேண்டியிருக்கிறது. அதோடு 2020 ஏப்ரல் முதல் கைபேசிகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்குப் பின்னாலேயே உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. 2022-இல் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு போனை அடக்குவது முன்பைவிடக் கடினமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெயரை வைத்து ஒப்பிடலாம் என்றால் அதுவும் நம்பிக்கைக்குரியதல்ல. 2022 ஆகஸ்டில் நோட் 11 எஸ்இ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்தது, முந்தைய ஆண்டின் நோட் 10எஸ் தான். நோட் 10 லைட் என்று விற்கப்பட்டது 2020-இன் நோட் 9 புரோ. சட்டப்படி இதில் தவறில்லை. எண்ணைப் பார்த்து வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம்.

கோர்களின் கணக்கு

நோட் 10-இல் இருந்தது குவால்காம் நிறுவனத்தின் ஸ்னாப்டிராகன் 678. நோட் 11-இல் 680. எண்ணை நம்பினால் இரண்டு படி ஏற்றம். கைபேசிப் பிராசஸர்களின் கோர்களைப் பெரும்பாலும் வடிவமைப்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஆர்ம் நிறுவனம். மற்றவர்கள் அந்த வரைபடத்தை உரிமம் பெற்று எடுத்துக் கொஞ்சம் திருத்தித் தங்கள் பெயரைச் சூட்டிக்கொள்வார்கள். 678-இல் பெரிய கோர்கள் இரண்டு. அவற்றின் மூலம் ஆர்ம் 2018-இல் அறிவித்த கார்டெக்ஸ் ஏ76. சிறிய கோர்கள் ஆறு, 2017-இன் ஏ55. புதிய 680-இல் பெரிய கோர்கள் நான்கு, 2016-இன் ஏ73. சிறியவை நான்கு; அவை 2012-இல் அறிவிக்கப்பட்ட ஏ53. குவால்காம் தன் கோர்களுக்குக் கிரையோ என்று பெயர் வைத்திருக்கிறது. 678-இல் இருப்பது கிரையோ 460, 680-இல் இருப்பது கிரையோ 265. பெட்டியில் பெரிதாக அச்சடிக்கும் எண் ஏறியது. யாரும் படிக்காத எண் இறங்கியது.

"இதுல 2.4 கிகாஹெர்ட்ஸ் சார், அதுல 2.2 தான்" என்று கடைக்காரர் சொல்வார். பொய்யில்லை. கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு. ஒரு துடிப்பில் எத்தனை கட்டளைகள் உள்ளே போகின்றன என்பது தனிக் கணக்கு. இட்லிப் பானையில் தீயைக் கூட்டி ஓர் ஈட்டுக்கான நேரத்தைச் சற்றே குறைக்கலாம். ஓர் ஈட்டுக்கு எத்தனை இட்லி என்பதைத் தட்டுதான் தீர்மானிக்கிறது. ஏ73 ஒரு துடிப்பில் இரண்டு கட்டளைகளைப் பிரித்து வாங்கும். ஏ76 நான்கை வாங்கும். வரிசையில் முன்னால் நிற்கும் கட்டளை ஏதாவது தரவுக்காகக் காத்திருந்தால், பின்னால் இருக்கும் கட்டளைகளில் எதை முன்னதாக முடிக்கலாம் என்று தேடுவதிலும் ஏ76 கெட்டிக்காரன். அதனால் துடிப்பு குறைவாக இருந்தும் ஒற்றைக் கோரின் வேகத்தை அளக்கும் சோதனைகளில் பழைய 678 தெளிவாக முந்தியது. எட்டுக் கோர்களையும் ஒன்றாக ஓடவிட்டால் இடைவெளி பெரும்பாலும் அடைபட்டது.

எட்டும் சேர்ந்தால் சமம்தானே, அப்புறம் என்ன? இங்கேதான் 1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன விதி வருகிறது. ஒரு வேலையில் பங்கு போட முடியாத பகுதி எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் மொத்த வேகத்துக்கு வரம்பு. ஆள் பலத்தைக் கூட்டிக்கொண்டே போய்ப் பயனில்லை. ஓர் ஆப்பைத் தொட்டதும் அது திறப்பது, ஓர் இணையப் பக்கத்தின் நிரல் ஓடுவது எல்லாம் பெருமளவு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகள். விரலுக்கும் கண்ணுக்கும் தெரியும் வேகம் ஒன்றிரண்டு பெரிய கோர்களின் வேகம்தான். "எட்டு கோர்" என்ற சொல் பட்ஜெட் போன் விளம்பரத்தில் இவ்வளவு காலம் நீடித்திருப்பது எனக்கு ஆச்சரியம்.

பிறகு ஏன் ஒரு நிறுவனம் பின்னோக்கிப் போகிறது? அதற்குக் கிடைத்த ஈடு, சிப் தயாரிப்பு முறை. 678 செய்யப்பட்டது சாம்சங்கின் 11 நானோமீட்டர் முறையில். 680 செய்யப்பட்டது தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 6 நானோமீட்டர் முறையில். இந்த 11, 6 ஆகியவை சிப்பில் இருக்கும் எந்த உறுப்பின் உண்மையான நீளமும் அல்ல. ஒரு காலத்தில் டிரான்சிஸ்டரின் ஒரு பாகத்தைக் குறித்த அளவு, இப்போது தலைமுறையின் பட்டப்பெயராக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு நிறுவனத்தின் 7-ஐயும் மற்றொன்றின் 7-ஐயும் நேருக்கு நேர் வைப்பதுகூடச் சரியாக வராது. ஆனாலும் 11-இலிருந்து 6 என்பது பெரிய தாண்டல்தான்.

டிரான்சிஸ்டர் சிறிதாகும்போது அதை மூடித் திறக்கத் தேவைப்படும் மின்னேற்றம் குறைகிறது, மின்னழுத்தமும் குறைகிறது. செலவாகும் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் திறன் ஏறக்குறைய 19 சதவீதம் குறையும். சிப் தொழிலின் சிக்கனம் பெரும்பாலும் இந்த வர்க்கத்தில்தான் இருக்கிறது.

அந்த 6 நானோமீட்டர் முறையில் சில அடுக்குகளை வரைவதற்கு அதிபுற ஊதா ஒளி பயன்படுகிறது. முன்பு 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட ஒளியை வைத்தே, பல முறை மறுபடி மறுபடி வரைந்து காலத்தை ஓட்டினார்கள். இப்போது 13.5 நானோமீட்டர். அதை உண்டாக்கும் விதம் நம்பக் கடினமானது: உருகிய வெள்ளீயத்தின் நுண்துளிகளை நொடிக்கு ஐம்பதாயிரம் என்ற கணக்கில் விழவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசரால் அடித்துப் பிளாஸ்மாவாக்குகிறார்கள். அதிலிருந்து வரும் ஒளியைக் கண்ணாடி லென்ஸ் விழுங்கிவிடும், காற்றும் விழுங்கிவிடும். எனவே எல்லாம் வெற்றிடத்துக்குள், ஆடிகளால் மட்டுமே நடக்கிறது. இந்த எந்திரத்தைச் செய்யத் தெரிந்த நிறுவனம் உலகத்தில் ஒன்றுதான், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். பதின்மூன்றாயிரம் ரூபாய் போனுக்குள் அந்த வெள்ளீயத் துளிகளின் வேலை இருக்கிறது.

மே மாதத்து வெயிலில்

6 நானோமீட்டர் முறையால் கிடைத்தது, அதே 5000 எம்ஏஎச் பேட்டரியில் கூடுதல் நேரம். அதைவிட முக்கியம், குறைந்த சூடு. ஆய்வக அளவீடுகளில் அவ்வளவாகத் தெரியாத ஒரு விஷயம் நம் ஊரில் தெரியும்.

போனுக்கு விசிறி கிடையாது. உள்ளே உண்டாகும் வெப்பம் தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேறும் வேகம், போனின் மேற்பரப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. பிடிக்கிற கை சுடக் கூடாது என்பதற்காக மேற்பரப்பு நாற்பதுகளின் நடுவைத் தாண்டாதபடி மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. தாண்டப்போனால் பிராசஸரின் துடிப்பைக் குறைக்கும். குளிரூட்டிய அறையில் 25 டிகிரி என்றால் வித்தியாசம் இருபது டிகிரி வரை கிடைக்கும். வேலூரிலோ திருத்தணியிலோ அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 40 டிகிரி, வித்தியாசம் நான்கைந்துதான். அதே போன், அதே சிப், ஆனால் வெளியேற்றக்கூடிய வெப்பம் பெருமளவு சுருங்கிவிடுகிறது. பைக் கைப்பிடியில் போனை மாட்டி, வழிகாட்டி வரைபடத்தை ஓடவிட்டு, மதியம் முழுக்க உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற இளைஞருக்கு ஏ76 கோரின் முழு வேகம் கைக்கு எட்டாத சொத்து. அவருக்குச் சிக்கனமான 680 தான் உண்மையில் வேகமான போன். வீட்டில் உட்கார்ந்து விளையாடுகிறவருக்கு நேர்மாறு.

இந்த மாதிரி ஒரு மாற்றத்தை ரெட்மி நோட் வாங்குகிறவர்கள் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறார்கள். 2016 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த நோட் 3-இல் ஸ்னாப்டிராகன் 650: இரண்டு வலுவான ஏ72 கோர்கள், நான்கு ஏ53, 28 நானோமீட்டர். 2017 ஜனவரியில் வந்த நோட் 4-இல் ஸ்னாப்டிராகன் 625: எட்டும் சிறிய ஏ53 கோர்கள், ஆனால் 14 நானோமீட்டர். கேமராவும் 16 மெகாபிக்சலிலிருந்து 13-க்கு இறங்கியது. தொழில்நுட்ப ஆர்வலர்கள் முகம் சுளித்தார்கள். ஜனங்கள் வாங்கினார்கள்: 45 நாளில் பத்து லட்சம் போன் விற்றதாக ரெட்மியின் தாய் நிறுவனமான ஷாவ்மி அறிவித்தது. 4100 எம்ஏஎச் பேட்டரியும் அந்தச் சிக்கனமான சிப்பும் சேர்ந்து, காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் காலைவரை வரும் என்று நோட் 4 பெயர் வாங்கியது. அடுத்து 2018 பிப்ரவரியில் வந்த நோட் 5-இலும் அதே 625 தான். மாறியது பெரும்பாலும் திரையின் நீள அகலம். அந்த வருடம் நோட் 4-ஐ விற்றுவிட்டு நோட் 5 வாங்கியவர்கள் அதே எந்திரத்துக்கு இரண்டாம் முறை காசு கொடுத்தார்கள்.

48-ஐவிட 50 சிறியது

கேமராவுக்கு வருவோம். நோட் 10-இல் 48 மெகாபிக்சல், சோனி சென்சார். நோட் 11-இல் 50 மெகாபிக்சல், சாம்சங் சென்சார். இதில் மெகாபிக்சல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பெருக்கலைச் செய்து பார்க்கலாம். சோனி சென்சாரில் 8000 பிக்சல் நீளம், 6000 பிக்சல் அகலம். ஒவ்வொரு பிக்சலும் 0.8 மைக்ரான். ஆக 6.4 மில்லிமீட்டருக்கு 4.8 மில்லிமீட்டர், பரப்பு ஏறக்குறைய 31 சதுர மில்லிமீட்டர். சாம்சங் சென்சாரில் 8160-க்கு 6120. பிக்சல் ஒவ்வொன்றும் 0.64 மைக்ரான். பரப்பு சுமார் 20 சதுர மில்லிமீட்டர். எண்ணிக்கையில் இரண்டு மெகாபிக்சல் கூடியது; வெளிச்சம் விழும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போனது.

லென்ஸின் துளை அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே, எஃப் 1.8. எனவே சென்சாரின் பரப்பு குறைந்தால் படத்துக்கு வந்து சேரும் ஒளித்துகள்களும் அதே விகிதத்தில் குறையும். ஒளி சீராகக் கொட்டுவதில்லை. துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் வருகிறது. நூறு துகள் வர வேண்டிய இடத்தில் ஒரு முறை 90 வரும், இன்னொரு முறை 110 வரும். இந்த ஏற்ற இறக்கம் துகள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் அளவுக்கு இருக்கும். பத்தாயிரம் துகள் வந்தால் ஏற்ற இறக்கம் நூறு, அதாவது ஒரு சதவீதம். நூறே துகள் வந்தால் பத்து சதவீதம். இரவில், கல்யாண மண்டபத்தின் மங்கிய மூலையில், எடுத்த படத்தில் பொரிப் பொரியாகத் தெரிவது இதுதான். வெயிலில் எடுத்தால் இரண்டு போனுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம். விளக்கு குறையக் குறையப் பழைய போனுக்கு இயற்பியல் துணை நிற்கும்.

இரண்டுமே வழக்கமாக நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டு மெகாபிக்சல் சுமாரில்தான் படத்தைத் தருகின்றன. 48-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசம் கேலரியில் வந்து சேர்வதே இல்லை. சென்சார் அளவை விவரப் பட்டியலில் "அரை அங்குலம்", "2.76-இல் ஒரு பங்கு அங்குலம்" என்று எழுதுவதும் ஒரு பழைய வேடிக்கை. வெற்றிடக் குழாய் தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்த காலத்தில் குழாயின் வெளி விட்டத்தைச் சொன்ன வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அரை அங்குலச் சென்சாரின் மூலைவிட்டம் நிஜத்தில் 8 மில்லிமீட்டர்தான். ஆனால் ஒப்பிடுவதற்கு அந்தப் பின்னம் போதும். ஒன்றின் கீழ் வரும் எண் பெரிதாக இருந்தால் சென்சார் சிறியது.

இரண்டிலும் பின்பக்கம் நான்கு கேமரா. அதில் 2 மெகாபிக்சல் கொண்ட இரண்டும் எண்ணிக்கைக்காக ஒட்டியவை என்பது என் கருத்து. மாற்றிக்கொள்ள இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

4கே வீடியோ போனதற்குக் காரணம் சென்சார் அல்ல, சிப். 4கே-யின் ஒவ்வொரு சட்டத்திலும் சுமார் 83 லட்சம் பிக்சல். முழு எச்டி-யில் 21 லட்சம் சுமார். நான்கு மடங்கு தரவை நொடிக்கு முப்பது முறை சுருக்கி எழுத, பிராசஸருக்குள் தனியாக ஒரு வன்பொருள் பகுதி வேண்டும். 678-இல் அது 4கே வரை போகும். 680-இல் முழு எச்டி-யோடு நின்றுவிடும். மென்பொருள் அப்டேட் எத்தனை வந்தாலும் இது திரும்பாது. பிள்ளையின் ஆண்டு விழா நடனத்தைப் பெரிய டிவியில் போட்டுப் பார்க்கிற அப்பாவுக்கு இது இழப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு முடிகிறவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

நோட் 11 கூட்டிக் கொடுத்தது திரையில். 60 ஹெர்ட்ஸ் என்பது 90 ஆனது. முன்பு ஒரு சட்டம் திரையில் 16.7 மில்லிநொடி நிற்கும், இப்போது 11.1. செய்திகளை விரலால் உருட்டும்போது எழுத்துகள் கலங்காமல் நகர்வது கடையில் கையில் எடுத்த பத்தாவது நொடியிலேயே தெரிந்துவிடும். பழைய கோர்களின் மெதுவைத் திரையின் வேகம் மறைக்கிறது என்பதில் ஒரு தந்திரம் உண்டு, அதற்கு ஒரு விலையும் உண்டு. அடுத்த சட்டத்தைத் தயாரிக்க பிராசஸருக்கு முன்பு இருந்த 16.7 மில்லிநொடி இப்போது 11.1 தான். வேகம் குறைந்த கோரிடம் அவகாசத்தையும் குறைத்துக் கொடுத்தால், படங்கள் நிறைந்த கனமான பக்கங்களில் ஆங்காங்கே ஒரு சட்டம் தவறும். திரை சிறிது தடுக்கி ஓடும். ஆப் திறக்கச் சற்று நேரம், திறந்தபின் வழவழப்பு என்பதுதான் நோட் 11-இன் சுபாவம்.

ரேம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இந்தத் தலைமுறையில் "கூடுதல் ரேம்" என்று ஒரு வசதி பரவியது. சேமிப்பிடத்திலிருந்து இரண்டு மூன்று ஜிபி-யை ரேம் போலப் பயன்படுத்துவது. நிஜ ரேமிலிருந்து ஒரு தகவல் வர நூறு நானோநொடி அளவில் ஆகும். ஃபிளாஷ் சேமிப்பிலிருந்து வர அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஆகும். பின்னணியில் தூங்கும் ஆப்பை அங்கே கிடத்தி வைக்கலாம், அவ்வளவுதான். 4 ஜிபி மாடலை 6 என்று எண்ணி வாங்க வேண்டாம்.

பழைய போன் எப்போது பழையதாகிறது

இவ்வளவும் இரண்டு புதிய பெட்டிகளை ஒப்பிட்ட கதை. நடைமுறையில் யாரும் அப்படி ஒப்பிடுவதில்லை. சட்டைப் பையில் இரண்டு மூன்று வருடம் கிடந்து, வெயில் பட்டு, சேமிப்பு நிரம்பி வழியும் பழைய போனைக் கடையில் மினுங்கும் புதியதோடு ஒப்பிடுகிறோம். புதியது வேகமாகத் தெரியும்போது, அந்த வேகத்தில் எவ்வளவு அதன் சொந்தச் சரக்கு, எவ்வளவு வெறும் புதுமை என்று பிரித்தாக வேண்டும்.

முதலில் பேட்டரி. லித்தியம் அயனி பேட்டரிக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று முதல் நாளே உருவாகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் பேட்டரியே நிலைக்காது. ஆனால் அது நாளடைவில் தடித்துக்கொண்டே போகிறது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியத்தை நிரந்தரமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சூடு கூடினால் இது வேகமெடுக்கும். முழு சார்ஜில் நீண்ட நேரம் நின்றாலும் வேகமெடுக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் சார்ஜ் போட்டு விட்டுப்போனால் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன.

கொள்ளளவு குறைவது ஒரு பக்கம். அதைவிடத் தொல்லை, உள்மின்தடை ஏறுவது. கேமராவைத் திறக்கும்போது போன் திடீரென்று கூடுதல் மின்னோட்டம் கேட்கும். எடுத்துக்காட்டாக 2 ஆம்பியர் கேட்கிறது, உள்மின்தடை 0.2 ஓம் என்றால் மின்னழுத்தத்தில் 0.4 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். பேட்டரியில் இருபது சதவீதம் மீதம் என்று காட்டிக்கொண்டிருந்த போன் பட்டென்று அணைவது இதனால்தான். இந்தத் திடீர் மரணத்தைத் தவிர்க்க, பழைய ஐபோன்களின் பிராசஸர் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. புதிய பேட்டரி போட்டதும் அந்தப் போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பின.

எனவே மாற்றுவதற்கு முன் பேட்டரியின் உண்மையான கொள்ளளவைத் தெரிந்துகொள்வது நல்லது. சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்னளவைக் கூட்டிக் கணக்கிடும் ஆப்கள் இருக்கின்றன. ஒரு வாரம் ஓடவிட்டால் ஓரளவு நம்பத்தக்க எண் கிடைக்கும். 5000 இருக்க வேண்டிய இடத்தில் 3800 என்று வந்தால், பாதிப் புகாருக்குப் பதில் அங்கேயே இருக்கிறது. பேட்டரியை மாற்ற ஆகும் செலவு போன் விலையில் சிறு பங்குதான். சென்னை ரிச்சி தெருவில் கண்ணெதிரே மாற்றித் தருவார்கள். போடுவது அசலா என்பதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் 5000 என்ற ஒட்டுத்தாளை எந்தப் பேட்டரியின் மேலும் ஒட்டலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்பது சட்டம்.

அடுத்து சேமிப்பு. ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேலேயே எழுத முடியாது. சிறு சிறு பக்கங்களாக எழுதலாம், ஆனால் அழிப்பதென்றால் பெரிய தொகுதியாகத்தான் அழிக்க வேண்டும். 64 ஜிபி-யில் 62 நிரம்பியிருந்தால், ஒரு சிறு கோப்பை எழுதுவதற்குக்கூட இருப்பவற்றை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியைத் துடைத்து, திரும்ப எழுத வேண்டியிருக்கும். இந்தியர்களின் போன்களை அடைத்துக்கொண்டிருந்த காலை வணக்கப் படங்களைத் தேடிப் பிடித்து அழிக்கும் வசதியைக் கூகுளே தன் ஃபைல்ஸ் கோ ஆப்பில் சேர்க்க வேண்டி வந்தது. பத்துப் பதினைந்து ஜிபி-யைக் காலி செய்தபின் ஒரு முறை போனைப் பாருங்கள். கைக்கு வந்து சேரும் வேகம், ஏ73-க்கும் ஏ76-க்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சில நேரம் அதிகமாக இருக்கும்.

சரிசெய்ய முடியாதவையும் உண்டு. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி ஆப் வைத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது மாற்றுவதற்குப் போதுமான காரணம். இன்னொன்று அலைவரிசை. நோட் 10, நோட் 11 இரண்டும் 4ஜி போன்கள். நோட் 11 வந்து எட்டு மாதத்தில், 2022 அக்டோபர் 1 அன்று, இந்தியாவில் 5ஜி தொடங்கியது. ஏர்டெல் முதல் நாளே தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. 5ஜி-க்கான மோடம் சிப்புக்குள் இருக்கிறது. இல்லாத போனில் பிறகு சேர்க்க வழியில்லை.

2022 பிப்ரவரியில் கையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நோட் 10 வைத்திருந்தவருக்கு நோட் 11-க்குப் போக நான் ஒரே ஒரு காரணம்தான் காண்கிறேன்: வெயிலில் வேலை. 90 ஹெர்ட்ஸ் திரை ஆசைப்பட வைக்கும். அதற்காகப் பெரிய சென்சாரையும் 4கே-யையும் வலுவான கோர்களையும் விட்டுக்கொடுத்து, மேற்கொண்டு பணமும் கொடுக்க வேண்டியதில்லை. நோட் 8, நோட் 7 காலத்துப் போனிலிருந்து வருகிறவருக்கு இரண்டில் எதுவானாலும் ஏற்றம்தான். அப்போது கடையில் மிச்சம் இருந்த நோட் 10, விலை குறைந்திருந்தால், நல்ல பேரம். பொறுத்திருந்தவருக்கு 2023 ஜனவரியில் நோட் 12 5ஜி வந்தது, 17,999 ரூபாய்க்கு. அதன் ஸ்னாப்டிராகன் 4 முதல் தலைமுறைச் சிப்பில் 2020-இன் ஏ78 கோர்கள் இரண்டு, 6 நானோமீட்டர் தயாரிப்பு, 5ஜி மோடம். மேலே 120 ஹெர்ட்ஸ் அமோலெட் திரை. கோரும் சிக்கனமும் ஒருசேரக் கூடிய தலைமுறை அது. நோட் 10-ஐவிட ஆறாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்த பிறகும் 4கே வீடியோ மட்டும் அதில் திரும்பி வரவில்லை.